லாகின் முடிந்ததும் எச்டிடிபிக்குத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி இதுதான்: ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் கட்ட உதவும் சட்டகம்) எழுதிய ஒரு கடைத்தளம். லாகின் பக்கமும் பணம் கட்டும் பக்கமும் எச்டிடிபிஎஸ்ஸில், அதாவது வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பில் இருக்கின்றன, மற்றதெல்லாம் பூட்டில்லாத சாதா எச்டிடிபி. லாகின் ஆனதும் யூசரை மறுபடி எச்டிடிபி பக்கத்துக்கு அனுப்புகிறார்கள், அங்கே போனதும் செஷன் (இவர் லாகின் ஆனவர் என்ற நினைவு) காணாமல் போய் திரும்பவும் லாகின் கேட்கிறது. இது போதாதென்று, சர்வரை லோட் பேலன்சருக்கு (வேண்டுகோள்களை முதலில் வாங்கி சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) பின்னால் நகர்த்தியதிலிருந்து லாகின் பக்கம் திறக்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. இரண்டையும் எப்படிச் சரிசெய்வது?

இரண்டாவதற்குத் தீர்வு இருக்கிறது, கீழே சொல்கிறேன். முதலாவதைச் சரிசெய்யவே கூடாது என்பதுதான் என் பதில். எச்டிடிபியிலிருந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஏற்றிவிடுங்கள், அதோடு சரி. மேலே வந்தவரைக் கீழே, அதாவது எச்டிடிபிஎஸ்ஸிலிருந்து எச்டிடிபிக்கு, இறக்கும் கோடு (நிரல் வரி) உங்கள் செயலியில் எங்கே இருந்தாலும் தேடிப் பிடித்து எடுத்துவிடுங்கள்.

செஷன் ஏன் காணாமல் போகிறது என்று முதலில் பார்ப்போம், ஏனென்றால் அது கோளாறே இல்லை. உங்கள் செட்டிங்ஸில் செஷன் குக்கிக்கு (பிரவுசர் ஒவ்வொரு வேண்டுகோளோடும் சர்வருக்குத் திருப்பி அனுப்பும் சிறு குறிப்பு) ‘செக்யூர்’ என்ற அடையாளம் போடப்பட்டிருக்க வேண்டும். ஜாங்கோ தானாக அதைப் போடாது, உங்களுக்கு முன்னால் அந்தக் கோடில் வேலை பார்த்த யாரோ விவரம் தெரிந்து போட்டிருக்கிறார்கள். அந்த அடையாளம் உள்ள குக்கியை பிரவுசர் எச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும்தான் அனுப்பும். நீங்கள் யூசரை எச்டிடிபிக்கு இறக்கிவிட்டதும் பிரவுசர் குக்கியை அனுப்பாமல் வைத்துக்கொள்கிறது, சர்வருக்கு அவர் யாரென்று தெரியவில்லை, லாகின் பக்கத்துக்கு விரட்டுகிறது. எல்லாம் எப்படி நடக்க வேண்டுமோ அப்படியே நடக்கிறது. இணையத்தில் தேடினால் ‘அந்த செட்டிங்கை ஃபால்ஸ் ஆக்கு, சரியாகிவிடும்’ என்று பதில் கிடைக்கும். ஆக்கினால் லாகின் போகாமல் நிலைத்திருக்கும், உண்மைதான். கூடவே உங்கள் யூசர்களின் செஷன் சாவி ஒவ்வொரு கிளிக்கிலும் திறந்த இணைப்பில் போய்வர ஆரம்பிக்கும். கடவுச்சொல்லை மட்டும் முத்திரை வைத்த உறையில் அனுப்பிவிட்டு, ‘இவர் உள்ளே வந்துவிட்டார்’ என்ற சாவியை நாள் முழுக்க அஞ்சலட்டையில் எழுதி அனுப்புகிற வேலை அது. சாவி கிடைத்தவனுக்குக் கடவுச்சொல் எதற்கு?

இது ஏட்டுச்சுரைக்காய் ஆபத்து இல்லை. 2010 அக்டோபரில் சான் டியேகோவில் நடந்த டூர்கான் மாநாட்டில் எரிக் பட்லர் ஃபயர்ஷீப் என்று ஒரு ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷனை வெளியிட்டார். ஒரு காபிக்கடையில் கடவுச்சொல் இல்லாத வைஃபையில் உட்கார்ந்து அதைத் திறந்தால், பக்கத்து மேசைக்காரர்களின் பெயரும் படமும் பிரவுசரின் ஓரப்பட்டியில் வரிசையாக வரும், ஒன்றை இரட்டை கிளிக் செய்தால் அவராகவே உள்ளே போய்விடலாம். எதையும் உடைக்கத் தேவையே இருக்கவில்லை. அன்றைக்குப் பெரிய தளங்கள் பலவும் உங்கள் கடைத்தளம் இப்போது செய்வதைத்தான் செய்துகொண்டிருந்தன: லாகினுக்கு எச்டிடிபிஎஸ், மிச்சத்துக்கு எச்டிடிபி. அப்படிக் கலந்து வைப்பதற்கு அப்போது காரணமும் சொன்னார்கள், என்க்ரிப்ஷன் செய்தால் (பூட்டி அனுப்பினால்) சர்வர் திணறும், எச்டிடிபிஎஸ்ஸுக்கு வேண்டிய சான்றிதழுக்குக் காசு ஆகும் என்று. முதல் காரணம் அப்போதே பொய்யாகிவிட்டது. 2010 ஜனவரியில் ஜிமெயில் முழுவதையும் எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றிய கூகுள், அதனால் கூடிய சிபியு சுமை 1 சதவீதத்துக்கும் குறைவு என்று சொன்னது. இரண்டாவது காரணத்தை 2015 டிசம்பரில் பொதுவாகத் திறந்த லெட்ஸ் என்க்ரிப்ட் முடித்துவைத்தது, சான்றிதழ் இலவசம், புதுப்பிப்பதும் தானாக நடக்கும். 2018 ஜூலையில் குரோம் 68 வந்ததிலிருந்து எச்டிடிபி பக்கம் எதுவானாலும் முகவரிப் பட்டியில் பாதுகாப்பற்றது என்று எழுதிக் காட்டுகிறது. ஆக, பழைய புத்தகங்களில் இருக்கும் ‘முக்கியமான பக்கத்துக்கு மட்டும் எஸ்எஸ்எல்’ (அதாவது எச்டிடிபிஎஸ்) என்ற யோசனைக்கு இன்று ஒரு காரணம்கூட மிச்சமில்லை.

‘சரி, எங்கள் தளத்தில் எச்டிடிபி பக்கங்களில் ரகசியம் எதுவுமே இல்லை, பொருள் பட்டியல்தானே’ என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் பட்டியல் பக்கத்தில்தானே லாகின் பொத்தான் இருக்கிறது? எச்டிடிபி பக்கத்தை வழியில் இருக்கும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது ஒரு பங்கு பிரச்சினை. யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதுதான் பெரும் பிரச்சினை. 2011 ஜனவரியில் துனிசியாவில் மக்கள் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, அந்நாட்டு இணைய இணைப்பு வழியாக வந்த ஃபேஸ்புக் லாகின் பக்கத்தில் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் செருகப்பட்டிருந்தது, யூசர் தட்டும் பெயரையும் கடவுச்சொல்லையும் அது அள்ளிக்கொண்டு போனது. பக்கம் எச்டிடிபியில் வந்ததால்தான் செருக முடிந்தது. ஃபேஸ்புக் செய்த முதல் காரியம், துனிசியாவிலிருந்து வரும் எல்லா வேண்டுகோளையும் எச்டிடிபிஎஸ் சர்வருக்குத் திருப்பிவிட்டதுதான். நம் ஊரிலும் 2015இல் ஒரு மொபைல் நிறுவனத்தின் 3ஜி இணைப்பில் வரும் எச்டிடிபி பக்கங்களில் அந்தத் தளங்களுக்குச் சம்பந்தமில்லாத ஸ்கிரிப்ட் செருகப்படுவதை பெங்களூரில் ஒரு நிரலாளர் கண்டுபிடித்து வெளியே சொன்னார். உங்கள் பொருள் பட்டியலில் ரகசியம் இல்லாவிட்டாலும், ‘லாகின்’ பொத்தான் எந்த முகவரிக்குப் போகிறது என்பதை மாற்ற ஒரு வரி போதும்.

இப்போது அந்தச் சுற்றலுக்கு வருவோம், கேள்வியில் வேலை அதிகம் இருப்பது இங்கேதான்.

ஒரே ஒரு வேண்டுகோளைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். பிரவுசர் எச்டிடிபிஎஸ்ஸுக்கான வாசலான 443ஆம் போர்ட்டில் லோட் பேலன்சரோடு எச்டிடிபிஎஸ்ஸில் பேசுகிறது. லோட் பேலன்சர் அங்கேயே என்க்ரிப்ஷனை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருக்கும் ஜாங்கோவிடம் சாதா எச்டிடிபியில் கொடுக்கிறது. ஜாங்கோ தன் கண்ணுக்குத் தெரிவதை வைத்து ‘இது எச்டிடிபி’ என்று முடிவுகட்டி, 301 (வேறு முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ரீடைரக்ட் எண்) போட்டு ‘எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ’ என்கிறது. பிரவுசர் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறது, இருந்தாலும் சொன்னபடி அதே முகவரிக்கு மறுபடி போகிறது, மறுபடி அவிழ்ப்பு, மறுபடி 301. குரோம் 20 முறை சுற்றிப் பார்த்துவிட்டு ரீடைரக்ட் அதிகமாகிவிட்டது என்று கைவிடுகிறது. கர்ல் கட்டளையில் (டெர்மினலிலிருந்து ஒரு முகவரியைக் கேட்டுப் பார்க்கும் கருவி) ஹெடரை, அதாவது பதிலின் தலைப்பு வரிகளை, மட்டும் கேட்டுப் பார்த்தால், நீங்கள் கேட்ட முகவரியும் ‘லொகேஷன்’ வரியில் வரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும். அப்படி இருந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம், நோய் இதுதான்.

மருந்து ஒரு ஹெடர்: எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ. பிரவுசர் எதில் வந்தது என்பதை லோட் பேலன்சர் அதில் எழுதி உள்ளே அனுப்பும். ஜாங்கோவின் செட்டிங்ஸில் செக்யூர் ப்ராக்ஸி எஸ்எஸ்எல் ஹெடர் என்ற இடத்தில் ‘இந்த ஹெடரில் எச்டிடிபிஎஸ் என்று இருந்தால் நம்பு’ என்று சொன்னதும் சுற்றல் நின்றுவிடும். பெரும்பாலானவர்கள் இங்கே நிறுத்திவிடுகிறார்கள், இன்னும் இரண்டைப் பார்த்தாக வேண்டும். ஒன்று, அந்த ஹெடரை வெளியிலிருந்து யாராவது தானே எழுதி அனுப்பினால் என்ன ஆகும்? லோட் பேலன்சர் அதை அழித்துவிட்டுத் தன் மதிப்பை எழுதுகிறதா, வந்ததை அப்படியே உள்ளே விடுகிறதா என்று சோதித்துப் பார்த்த பிறகே இந்த செட்டிங்கைப் போடுங்கள். சர்வரின் உள் போர்ட்டை லோட் பேலன்சரைத் தவிர வேறு யாரும் தொட முடியாதபடி ஃபயர்வாலிலும் அடைத்துவிடுங்கள். மற்றொன்று, லோட் பேலன்சருக்கும் ஜாங்கோவுக்கும் நடுவே என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் கவனம். எங்கிருந்தோ நகலெடுத்த கான்ஃபிக்கில் ‘ஃபார்வர்டட் ப்ரோட்டோவுக்கு டாலர் ஸ்கீம்’ என்று ஒரு வரி இருக்கும், அதாவது தனக்கு வந்த இணைப்பின் வகையையே அந்த ஹெடரில் எழுது என்று. நடுவில் இருக்கும் என்ஜின்எக்ஸுக்கு வருவதே எச்டிடிபி என்பதால், லோட் பேலன்சர் ‘எச்டிடிபிஎஸ்’ என்று சரியாக எழுதி அனுப்பியதை அது ‘எச்டிடிபி’ என்று மாற்றி எழுதிவிடும், சுற்றல் திரும்பவும் ஆரம்பிக்கும். ஜாங்கோ பக்கம் எல்லாம் சரியாக இருந்தும் சுற்றுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரியை. தளத்துக்கு முன்னால் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையில் ‘ஃப்ளெக்ஸிபிள்’ என்று வைத்துவிட்டு சர்வரில் எச்டிடிபிஎஸ் ரீடைரக்ட் போட்டாலும் இதே கதைதான். அதில் கூடுதலாக, கிளவுட்ஃபிளேருக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவில் பொது இணையத்திலேயே எல்லாம் என்க்ரிப்ஷன் இல்லாமல் போகிறது. ‘ஃபுல் ஸ்ட்ரிக்ட்’டுக்கு மாற்றிவிடுங்கள், இதில் யோசிக்க எதுவும் இல்லை.

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லோட் பேலன்சரின் ஹெல்த் செக்கும் உள்ளே எச்டிடிபியில்தான் வரும். அதற்கு 301 கிடைத்தால் சர்வர் செத்துவிட்டது என்று சில அமைப்புகள் முடிவுகட்டிவிடும். ஜாங்கோவில் அந்தப் பாதைக்கு மட்டும் ரீடைரக்டிலிருந்து விலக்கு கொடுக்கலாம், விலக்குப் பட்டியலில் பாதையை எழுதும்போது முன்னால் சாய்கோடு போடக் கூடாது, போட்டால் பொருந்தாது.

ரீடைரக்டுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்பதில் வீண் சண்டை நிறைய நடக்கிறது. பக்கங்களைப் படிக்க வருகிறவர்களுக்கு 301 போதும், சோதிக்கும்போது மட்டும் 302 (தற்காலிக ரீடைரக்ட்) வையுங்கள், ஏனென்றால் 301ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும், தப்பாக அனுப்பிவிட்டால் யூசரின் கணினியில் போய் அதை அழிக்க உங்களால் முடியாது. சிக்கல் படிவங்களில்தான் வருகிறது. எச்டிடிபிக்கு போஸ்ட் ஆன (நிரப்பியதைச் சுமந்து அனுப்பிய) ஒரு படிவத்துக்கு 301 கொடுத்தால் பிரவுசர் அதை கெட் ஆக (பக்கத்தை மட்டும் கேட்பதாக) மாற்றி வெறுங்கையோடு புது முகவரிக்குப் போகும், யூசர் நிரப்பியதெல்லாம் போச்சு. 307, 308 இரண்டும் போஸ்ட்டை போஸ்ட்டாகவே வைத்திருக்கும் என்பதால் 308 போட்டால் தீர்ந்தது என்று சொல்வார்கள். படிவம் காணாமல் போவது தீரும், உண்மைதான். ஆனால் ரீடைரக்ட் பதில் வருவதற்கு முன்னாலேயே கடவுச்சொல் எச்டிடிபியில் ஒரு முறை போய்விட்டதே, அதை எந்த எண்ணாலும் திரும்பப் பெற முடியாது. அதனால் ரீடைரக்டில் வித்தை காட்டாமல், எச்டிடிபிக்கு போஸ்ட் செய்யும் படிவத்தைத் தேடித் திருத்துங்கள். படிவத்தின் ஆக்ஷனில் (எங்கே அனுப்புவது என்று சொல்லும் இடம்) முழு முகவரி எழுதாமல் வெறும் பாதையை மட்டும் எழுதினால் இது தானாகவே சரியாகிவிடும்.

லாகின் முடிந்ததும் எங்கே அனுப்புவது என்பதற்கும் அதே பதில்தான், வெறும் பாதை. ‘நெக்ஸ்ட்’ என்ற பாராமீட்டரில் முழு முகவரி வைத்து அனுப்புகிறவர்கள் அதிகம், உங்கள் கோடிலும் எச்டிடிபி என்று தொடங்கும் முழு முகவரிதான் போகிறது என்று நினைக்கிறேன். ஜாங்கோவோடு வரும் லாகின் வியூ, எச்டிடிபிஎஸ்ஸில் வந்தவரை எச்டிடிபி முகவரிக்கு அனுப்பச் சொன்னால் மறுத்துவிட்டு வழக்கமான பக்கத்துக்கே அனுப்பும், வேறு டொமைனுக்கு அனுப்பச் சொன்னாலும் அப்படியே. நீங்களே எழுதிய வியூவில் அந்தச் சோதனை இருக்காது. அது இல்லாவிட்டால் உங்கள் லாகின் முகவரியை வைத்தே ஒருவர் போலித் தளத்துக்கு ஆள் அனுப்பலாம்.

ஏபிஐ (மற்ற நிரல்கள் உங்கள் தளத்தோடு பேசும் வழி) இருந்தால் அதற்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. பிரவுசரில் முகவரியைத் தட்டுகிற மனிதருக்கு ரீடைரக்ட் ஓர் உதவி. நிரலுக்கு அது கெடுதல். ஒருவர் தன் கோடில் உங்கள் ஏபிஐ முகவரியை ‘எஸ்’ விட்டு எழுதிவிட்டார் என்று வையுங்கள், பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் போன்ற நூலகங்கள் 301ஐப் பார்த்ததும் அமைதியாகப் பின்தொடர்ந்து போய் பதிலைக் கொண்டுவந்துவிடும். வேலை நடக்கிறது, யாருக்கும் சந்தேகம் வராது, ஆனால் ஒவ்வொரு அழைப்பிலும் முதல் எட்டு எச்டிடிபியில் விழுகிறது, ஏபிஐ சாவி அதோடு திறந்தபடி போகிறது. ஏபிஐ டொமைனில் எச்டிடிபிக்கான 80ஆம் போர்ட்டை மூடிவிடுங்கள், மூட முடியாவிட்டால் 403 (அனுமதி இல்லை) கொடுங்கள். முதல் நாளே உடைந்தால் அவர் முதல் நாளே திருத்துவார். எச்டிடிபியில் வந்த சாவியை அங்கேயே ரத்து செய்வது இன்னும் நல்லது.

இனி ரீடைரக்ட் எதைச் செய்யாது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 2009 பிப்ரவரியில் பிளாக் ஹாட் மாநாட்டில் மாக்ஸி மார்லின்ஸ்பைக் எஸ்எஸ்எல்ஸ்ட்ரிப் என்ற கருவியைக் காட்டினார். யூசர் முகவரிப் பட்டியில் தளத்தின் பெயரை மட்டும் தட்டுகிறார், பிரவுசர் எச்டிடிபியில் கேட்கிறது, உங்கள் சர்வர் ‘எச்டிடிபிஎஸ்ஸுக்கு வா’ என்று பதில் அனுப்புகிறது. நடுவில் உட்கார்ந்திருப்பவன் அந்தப் பதிலை யூசரிடம் சேர விடாமல் தானே எச்டிடிபிஎஸ்ஸில் உங்களிடம் பேசிக்கொண்டு, யூசரிடம் எச்டிடிபியில் பேசுகிறான். சான்றிதழ் எச்சரிக்கை எதுவும் வராது, உங்கள் சர்வரின் லாகிலும் (பதிவேட்டிலும்) எல்லாம் எச்டிடிபிஎஸ் என்றே பதிவாகியிருக்கும். ரீடைரக்ட் என்பது திறந்த இணைப்பில் போகும் ஒரு பதில்தான், அதைத் தடுப்பவனிடம் அதற்கு வலு கிடையாது.

இதற்காக வந்ததுதான் எச்எஸ்டிஎஸ், 2012 நவம்பரில் ஆர்எஃப்சி 6797 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. எச்டிடிபிஎஸ் பதிலோடு ஸ்ட்ரிக்ட்-ட்ரான்ஸ்போர்ட்-செக்யூரிட்டி என்ற ஹெடரை அனுப்பினால், அதில் சொன்ன காலம் முடியும்வரை பிரவுசர் உங்கள் டொமைனுக்கு எச்டிடிபியில் பேசவே பேசாது, தட்டியது எச்டிடிபியாக இருந்தாலும் வெளியே போவதற்கு முன் தானே மாற்றிக்கொள்ளும். குரோமின் நெட்வொர்க் பட்டியலில் ‘307 இன்டர்னல் ரீடைரக்ட்’ என்று தெரிவது அதுதான், அது சர்வரிலிருந்து வந்தது இல்லை. இந்த ஹெடரை எச்டிடிபி பதிலில் அனுப்பினால் பிரவுசர் கண்டுகொள்ளாது.

மேலே வந்தவரைக் கீழே இறக்காதீர்கள் என்று ஆரம்பத்திலேயே நான் அழுத்திச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். எச்எஸ்டிஎஸ் போட்ட தளத்தில் ஒரு பக்கம் யூசரை எச்டிடிபிக்குத் திருப்பினால், பிரவுசர் உடனே எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாற்றும், சர்வர் மறுபடி எச்டிடிபிக்கு என்னும், லோட் பேலன்சரே இல்லாமல் ஒரு புதுச் சுற்றல் பிறக்கும். இறக்கும் கோடையும் எச்எஸ்டிஎஸ்ஸையும் ஒரே டொமைனில் சேர்த்து வைக்கவே முடியாது, இரண்டில் எது வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செய்யும் வரிசை என்றால், முதலில் எல்லாப் பக்கமும் எச்டிடிபிஎஸ்ஸில் திறந்தால் ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். டெம்ப்ளேட்டில் எச்டிடிபி என்று முழுதாக எழுதிய ஸ்கிரிப்ட் இருந்தால் பிரவுசர் அதைத் தடுத்துவிடும், அது கன்சோலில் சிவப்பாகத் தெரியும். கூடைப் பொருள்களை லோக்கல் ஸ்டோரேஜில் (பிரவுசருக்குள் இருக்கும் சேமிப்பிடம்) வைத்திருந்தால் அது எச்டிடிபிக்கும் எச்டிடிபிஎஸ்ஸுக்கும் தனித்தனி, மாற்றும் நாளில் பழைய கூடை காலியாகத் தெரியும், வாடிக்கையாளர் கேட்பார், முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் லாகின் மாதிரி ஏதாவது வைத்திருந்தால் திரும்பி வரும் முகவரி பொருந்தவில்லை என்று பிழை வரலாம், அதுவும் ஃபார்வர்டட் ப்ரோட்டோ ஹெடரால் வருவதுதான். அப்புறம் இறக்கும் கோடை எடுங்கள், ரீடைரக்டை 302 ஆகப் போடுங்கள், இரண்டொரு நாள் லாகைப் பார்த்துவிட்டு 301 ஆக்குங்கள். ரீடைரக்டை லோட் பேலன்சரிலேயே வைப்பது எனக்குப் பிடித்த இடம், வேண்டுகோள் உள்ளே வராமலேயே திரும்பிவிடும், ஆனாலும் ஜாங்கோவிலும் அந்த செட்டிங் இருக்கட்டும், நாளைக்கு யாராவது லோட் பேலன்சரை மாற்றினால் கைகொடுக்கும். டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாத பெயரிலிருந்து அது உள்ள பெயருக்கும் அனுப்புகிறீர்கள் என்றால், முதலில் அதே பெயரில் எச்டிடிபிஎஸ்ஸுக்கு ஏற்றுங்கள், பிறகு பெயரை மாற்றுங்கள். ஒரு தாவல் கூடும், ஆனால் அப்போதுதான் வெறும் பெயருக்கும் எச்எஸ்டிஎஸ் பதியும்.

எச்எஸ்டிஎஸ் காலத்தை ஒரு மணி நேரத்தில், அதாவது 3600 வினாடியில் தொடங்கி, பிரச்சினை வராவிட்டால் ஒரு வாரம், ஒரு மாதம் என்று ஏற்றி 31536000க்கு, அதாவது ஓராண்டுக்குக் கொண்டுபோங்கள். துணை டொமைன்களையும் சேர்க்கும் சொல்லைப் போடும் முன் கணக்குப் பிரிவுக்காரர்கள் மட்டும் திறக்கிற ஏதோ ஒரு பழைய துணை டொமைன் எச்டிடிபியில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள், எப்போதும் ஒன்று இருக்கும். யூசர் முதன்முதலாக வரும்போது உள்ள இடைவெளியையும் அடைக்க வேண்டுமென்றால் ப்ரீலோட் பட்டியல் இருக்கிறது, பிரவுசரோடு சேர்ந்தே வரும் பட்டியல் அது. அதில் சேர ஓராண்டுக் காலமும் துணை டொமைன்களும் கட்டாயம். சேர்ந்த பிறகு வெளியே வருவது மாதக்கணக்கில் இழுக்கும், ஏனென்றால் நீக்கிய பட்டியல் புது பிரவுசர் பதிப்போடுதான் யூசரிடம் போய்ச் சேரும். டாட் டெவ் என்று முடியும் டொமைன் பெயர்கள் முழுவதையுமே குரோம் 63 இந்த வழியில் எச்டிடிபிஎஸ்ஸுக்குக் கட்டாயப்படுத்தியபோது, தங்கள் கணினியில் சோதனைக்கு அந்தப் பெயரை வைத்திருந்தவர்களின் தளமெல்லாம் ஒரே அப்டேட்டில் திறக்காமல் போனது.

எச்டிடிபியில் இருந்தே தீர வேண்டியவை என்று சில உண்டு. சான்றிதழ் ரத்துப் பட்டியல்கள் எச்டிடிபியில்தான் வழங்கப்படுகின்றன, இணைப்பைச் சரிபார்க்க வேண்டிய பட்டியலை எடுக்கவே இன்னொரு சரிபார்ப்பு தேவைப்படக் கூடாது என்பதற்காக. ஹோட்டல் வைஃபையில் லாகின் பக்கம் எழும்ப ஆண்ட்ராய்டு தட்டிப் பார்க்கும் முகவரியும் எச்டிடிபிதான். லெட்ஸ் என்க்ரிப்ட் டொமைனைச் சரிபார்க்க 80ஆம் போர்ட்டுக்கு வரும், அதற்கு 301 கொடுத்தாலும் அது பின்தொடர்ந்து எச்டிடிபிஎஸ்ஸுக்கு வந்துவிடும், ஆகவே அந்தப் போர்ட்டை மூடாமல் இருந்தால் போதும். உங்கள் கடையில் இந்த வகையில் எதுவும் இருக்க வாய்ப்பில்லை. பில் அடிக்கும் பழைய மெஷின் ஒன்று எச்டிடிபி மட்டும்தான் பேசும் என்பது மாதிரி ஏதாவது இருந்தால், அதற்குத் தனியாக வேறு ஒரு டொமைனே எடுத்துக் கொடுத்துவிடுங்கள், கடையின் குக்கி அங்கே எட்டிப் பார்க்காது, எச்எஸ்டிஎஸ்ஸும் அதைத் தொடாது.